கிளவுடில் உள்ள ரேபிட்எம்க்யூவிலிருந்து காலையில் வரும் முதல் மெசேஜ் மட்டும் ஏன் வந்து சேருவதில்லை?

நீங்கள் கேட்டது இதுதான்: கடைக் கணினியில் பைத்தான் கன்ஸ்யூமர் (மெசேஜை வாங்கி வேலை செய்யும் புரோகிராம்), கிளவுடில் ரேபிட்எம்க்யூ (மெசேஜ்களை க்யூவில், அதாவது வரிசையில், வைத்து அனுப்பும் புரோக்கர்). பகலெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. இரவு சும்மா கிடந்த பிறகு காலையில் முதல் ஆர்டர் மட்டும் வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சில நாள் உடனே வருகிறது, சில நாள் அப்போதும் வருவதில்லை. லாகில் எர்ரர் எதுவும் இல்லை.

எங்களுக்கும் இதே வியாதி இருந்தது. மூன்று வாரம் கோடைக் குடைந்து வீணாக்கினோம்.

நாளைக் காலை ரீஸ்டார்ட்டில் கை வைக்காதீர்கள். முதலில் 15672 போர்ட்டில் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து அந்த க்யூவைப் பாருங்கள். எங்களுக்கு ரெடி (அனுப்பக் காத்திருப்பவை) 0, அன்ஆக்டு (அனுப்பியும் 'ஆக்' என்ற ஒப்புகை வராதவை) 1, கன்ஸ்யூமர் 1 என்று காட்டியது. அதாவது, புரோக்கர் தன் பங்குக்கு அனுப்பிவிட்டது. கடைக் கணினியில் நெட்ஸ்டாட் (இணைப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) போட்டால் அங்கேயும் 'எஸ்டாப்ளிஷ்டு'. இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று இரண்டு பக்கமும் சத்தியம் செய்கின்றன. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் அன்ஆக்டு 0, ரெடி 1, கன்ஸ்யூமர் 0!

அந்தக் கால் மணி நேரம்தான் துப்புக் கொடுத்தது. பதில் வராத டிசிபி பாக்கெட்டை லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துவிட்டுக் கைவிட, வழக்கமான செட்டிங்கில் ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். அதன் பிறகுதான் புரோக்கர் இணைப்பை மூடி, மெசேஜை க்யூவில் திருப்பி வைக்கிறது. அதற்கு முன்பே ரீஸ்டார்ட் செய்தால் மெசேஜ் பழைய இணைப்பின் பெயரிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். உங்களுக்குச் சில நாள் வருவதும் சில நாள் வராததும் இதனால்தான் இருக்கும்.

இணைப்பை அறுத்தது நடுவில் இருக்கும் நாட் (பல கணினிகள் ஒரே பொது ஐபி முகவரியில் வெளியே போக ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்). கொஞ்ச நேரம் எதுவும் போகாத இணைப்பை அது சொல்லாமல் கொள்ளாமல் மறந்துவிடும். ஏடபிள்யூஎஸ் நாட் கேட்வேக்கு அந்தக் கெடு 350 விநாடி. கடை ரவுட்டர் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. லினக்ஸின் டிசிபி கீப்அலைவை (சும்மா கிடக்கும் இணைப்பை அவ்வப்போது தட்டிப் பார்க்கும் வசதி) நம்பலாமா என்றால், அது முதல்முறை தட்டிப் பார்க்கவே வழக்கமான கணக்கு 7200 விநாடி. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்காகத்தான் ஹார்ட்பீட் என்று ஒன்று இருக்கிறது, 'உயிரோடு இருக்கிறேன்' என்று இரு பக்கமும் அனுப்பும் சமிக்ஞை. ரேபிட்எம்க்யூவில் மாற்றாமல் விட்டால் அது 60 விநாடி, அதில் பாதி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன ஃப்ரேம் போய்க்கொண்டே இருக்கும், நாட்டும் மறக்காது. ஆகவே என் சந்தேகம், உங்கள் கோடில் யாரோ ஹார்ட்பீட்டை 0 ஆக்கி, அதாவது அணைத்து, வைத்திருக்கிறார்கள். எங்கள் கோடில் இருந்தது. பக்கத்திலேயே 'இதைத் தொடாதே, கனெக்ஷன் அறுந்துபோகும்' என்று ஒரு கமென்ட் வேறு!

எழுதியவரைத் திட்டிப் பயனில்லை, அவர் பார்த்ததும் நிஜம்தான். பிகாவின் (ரேபிட்எம்க்யூவுக்கான பைத்தான் லைப்ரரி) பிளாக்கிங் கனெக்ஷனில் கால்பேக் (மெசேஜ் வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) ஓடிக்கொண்டிருக்கும்போது ஹார்ட்பீட் போகாது. எங்கள் கால்பேக் உட்கார்ந்து பிடிஎஃப் தயாரிக்கும், மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் புரோக்கர் ஆளைக் காணோம் என்று அறுத்துவிடும்.

நாங்கள் செய்தது: ஹார்ட்பீட் 30. பிடிஎஃப் வேலையைத் தனி த்ரெட்டுக்குத் தள்ளினோம். அந்த த்ரெட்டிலிருந்து நேரடியாக ஆக் அனுப்பக் கூடாது, பிகா கனெக்ஷன் அதைத் தாங்காது. 'ஆட் கால்பேக் த்ரெட்சேஃப்' வழியாகத்தான் அனுப்ப வேண்டும். இணைப்பு அறுந்தால் மறுபடி இணையும் லூப்பும் வேண்டும். அப்புறம், திரும்பி வரும் மெசேஜில் 'ரீடெலிவர்டு' கொடி இருக்கும். ஆர்டர் எண்ணைச் சரிபார்க்காமல் விட்டு ஒரு நாள் ஒரே பில்லை இரண்டு முறை அடித்தோம்.

ஒருவேளை ரெடி, அன்ஆக்டு இரண்டுமே 0 என்றால் கதை வேறு. மெசேஜ் க்யூவுக்கே வந்திருக்காது. ரவுட்டிங் கீ (எந்த க்யூவுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் முகவரி) தப்பாக இருந்தால் புரோக்கர் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். அப்போது பப்ளிஷரில் (மெசேஜை அனுப்பும் புரோகிராம்) கன்ஃபர்ம் (புரோக்கர் வாங்கிக்கொண்டதாகச் சொல்வது), மேண்டேட்டரி (க்யூ எதற்கும் போகாத மெசேஜைத் திருப்பி அனுப்பச் சொல்வது) இரண்டையும் போட்டுவிட்டுப் பாருங்கள்.