கிணறு நகரவில்லை, வரைபடத்தின் டேட்டம்தான் வேறு

அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில், 1950களின் வரைபடத்தில் இருக்கும் மாட்டுப்பண்ணைக் கிணற்றை ஜிபிஎஸ் ஏறக்குறைய 80 மீட்டர் கிழக்கே காட்டுவதாகக் கேட்டிருந்தீர்கள். தாளின் கீழ் ஓரத்துச் சிறிய எழுத்துகளைப் பாருங்கள், ‘1927 வட அமெரிக்க டேட்டம்’ (சுருக்கமாக என்ஏடி 27) என்றிருக்கும். டேட்டம் என்பது அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அளக்க எடுத்துக்கொள்ளும் அடிப்படை அமைப்பு. ஜிபிஎஸ் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு டேட்டம். ஜிபிஎஸ் கருவியின் அமைப்புகளில் டேட்டத்தை என்ஏடி 27-க்கு மாற்றிவிட்டு, வரைபடத்தில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இட்டால் சரியாகிவிடும்.

அப்புறம், அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் டோபோவியூ தளத்தில் பழைய வரைபடத்தை ஜியோடிஃப் கோப்பாகவே (இட விவரம் உள்ளேயே பதிந்த படக்கோப்பு) இலவசமாக இறக்குங்கள். இட விவரம் இல்லாத வெறும் ஸ்கேன் படத்தோடு மல்லாட வேண்டாம். 1:24,000 அளவுகோல் தாளில் இல்லாத பழைய பாதைகள் சில நேரம் 1:62,500 தாளில் கிடைக்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள்.

வரைபடத்தில் பாதி கறுத்த சிறு சதுரம் தெரிந்தால் அது செங்குத்துச் சுரங்கக்குழி. தயவுசெய்து இருட்டில் அந்தப் பக்கம் நடக்காதீர்கள், பல குழிகளுக்கு இன்னும் வேலியே இல்லை.