ஆபீஸில் பறக்கும் தளம் ரயிலில் ஏன் தவழ்கிறது?

சென்னை ஓஎம்ஆர் ஆபீஸில் உடனே திறக்கும் இணையதளம், வேளச்சேரி பறக்கும் ரயிலில் போனில் பார்த்தால் பத்து நொடி இழுக்கிறது, பெரிய சர்வர் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

காசை இப்போதைக்குப் பையிலேயே வையுங்கள். குரோமின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, கேஷை (பிரவுசர் முன்பே சேமித்து வைத்த நகலை) அணைத்து, வேகத்தை 4ஜி அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். ஆபீஸ் வைஃபையில் சோதிப்பது சோதனையே இல்லை.

முதல் பைட், அதாவது சர்வரின் பதிலில் முதல் துளி, வரவே தாமதமா? சர்வர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். அமெரிக்காவின் வர்ஜீனியா இங்கிருந்து 13,000 கி.மீ.க்கு மேல், போய் வரவே 130 மில்லி நொடி, நடைமுறையில் இன்னும் அதிகம். புது இணைப்புக்கு டிசிபி (இணைப்பைத் தொடங்க), டிஎல்எஸ் 1.3 (அதைப் பாதுகாப்பாக்க), பக்கத்தைக் கேட்கும் கோரிக்கை என்று குறைந்தது மூன்று முறை போய் வர வேண்டும். எவ்வளவு பெரிய சர்வரும் இந்தத் தூரத்தைக் குறைக்காது. மும்பைக்கு மாற்றினால் குறையும்.

சர்வர் பக்கத்திலேயே இருந்தும் தாமதம் என்றால் டேட்டாபேஸைச் சந்தேகப்படுங்கள். நானே மாட்டியிருக்கிறேன்: 50 ஆர்டர்களை ஒரே குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) எடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் வாடிக்கையாளர் பெயருக்கும் தனித்தனிக் குவெரி. மொத்தம் 51! என் லேப்டாப்பில் நாலே வரி டேட்டா இருந்ததால் தெரியவில்லை. இரண்டு அட்டவணைகளையும் சேர்த்து ஒரே குவெரியில் எடுக்கும் ஒரு ஜாயினில் தீர்ந்தது.

முதல் பைட் சீக்கிரம் வந்தும் பக்கம் இழுக்கிறதா? அப்போது பெரும்பாலும் படங்கள்தான். போனில் எடுத்த 4 எம்பி போட்டோவை அப்படியே ஏற்றாமல், அளவைச் சுருக்கி வெப்பி (WebP) என்ற சிறிய பட வடிவத்துக்கு மாற்றுங்கள். முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு.