கோதுமை பர்பனை எப்படி எடைபோடுவது? – கேள்வி பதில்

பர்பன் என்ற அமெரிக்க விஸ்கியில் ஒரு வகையான கோதுமை பர்பன் பற்றியும் அதைச் சுவைத்து எடைபோடுவது பற்றியும் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். முன்னால் இரண்டு புட்டிகளை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒன்று மேக்கர்ஸ் மார்க். இன்னொன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் ஊரில் வடிக்கும் வில்டர்னஸ் ட்ரெயில் டிஸ்டிலரியின் கோதுமை பர்பன்.

அண்ணா, கோதுமை பர்பன் என்றால் கோதுமையில் வடித்ததா?

இல்லை தம்பி. எந்த பர்பனாக இருந்தாலும் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். பெரும்பாலானவர்கள் இரண்டாவது தானியமாக ரை சேர்ப்பார்கள். ரைக்குப் பதில் கோதுமை போட்டால் அது கோதுமை பர்பன். மேக்கர்ஸ் மார்க்கில் 70 சதவீதம் மக்காச்சோளம், 16 கோதுமை, 14 முளைகட்டிய பார்லி. வில்டர்னஸ் ட்ரெயிலில் 64, 24, 12. கோதுமையே 51 சதவீதத்தைத் தொட்டால் அது கோதுமை விஸ்கி, தனி வகை.

கோதுமை சேர்த்தால் இனிக்கும் என்கிறார்களே? சர்க்கரை கலக்கிறார்களா?

சர்க்கரை கலக்க முடியாது. பர்பனில் தண்ணீர் தவிர வேறு எதையும் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்காது, நிறத்துக்கான கேரமல் கூட. தானியத்தின் சர்க்கரையும் வடிக்கும்போது ஆவியோடு வராது.

அப்புறம் இனிப்பு எங்கிருந்து வருகிறது? பீப்பாயிலிருந்து. பர்பனைப் புதிய ஓக் பீப்பாயில், அதுவும் உட்புறத்தைத் தீயில் கருக்கிய பீப்பாயில்தான் வைக்க வேண்டும். அந்தச் சூட்டில் மரத்தின் லிக்னின் என்ற பொருள் சிதைந்து வெனிலா மணம் தருகிறது. மரத்துக்குள் இருக்கும் சர்க்கரைப் பொருள்கள் கருகி வெல்லப்பாகு வாசனை தருகின்றன. நாக்கில் இனிப்பு என்று நாம் நினைப்பதில் பெரும்பகுதி மூக்குக்கு வரும் இந்த மணம்தான்.

கோதுமை செய்வது வேறு வேலை. ரையில் மிளகு போன்ற ஒரு கார்ப்பு உண்டு. அது விலகியதும் பின்னால் இருந்த சோளமும் மரமும் முன்னால் வருகின்றன. கோதுமையின் சொந்த மணம் மெல்லியது. சப்பாத்தி சுடும்போது கல்லிலிருந்து எழுமே, அந்த மாதிரி. பீப்பாய் மோசமாக இருந்தால் ரையின் காரம் கொஞ்சம் மூடி மறைக்கும். கோதுமை எதையும் மறைக்காது. அதனால்தான் இந்த வகையை எடைபோடுவது எனக்கு அவ்வளவு பிடிக்கிறது.

கிராஃப்ட், அதாவது சின்ன அளவில் வடித்தது, என்று லேபிளில் போட்டிருந்தால் என்ன உறுதி?

ஒன்றும் இல்லை. அந்தச் சொல்லுக்கு மத்திய அரசின் லேபிள் விதிகளில் வரையறை கிடையாது. புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். ‘டிஸ்டில்ட் பை’ (வடித்தவர்) என்று இருக்கிறதா, வெறும் ‘பாட்டில்ட் பை’ (புட்டியில் அடைத்தவர்) மட்டும்தானா? வடித்த மாநிலம் எது? இண்டியானாவின் லாரன்ஸ்பர்கில் உள்ள ஒரு பெரிய டிஸ்டிலரி பல பிராண்டுகளுக்கு வடித்துக் கொடுக்கிறது. அவர்களுடைய கோதுமைக் கலவையில் 45 சதவீதம் கோதுமை. அதில் நல்ல சரக்கும் உண்டு, தவறில்லை. ஆனால் உள்ளூர்க் குடும்பம் வடித்தது என்று நம்பிக் காசு கொடுத்தவருக்கு அது தெரிய வேண்டும்.

‘ஸ்ட்ரெயிட்’ என்றால் குறைந்தது 2 வருடம் பீப்பாயில் இருந்தது. 4 வருடத்துக்குக் குறைவென்றால் வயதை அச்சிட்டே ஆக வேண்டும். ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்பது 1897ஆம் ஆண்டுச் சட்டம்: ஒரே டிஸ்டிலரி, ஒரே பருவம், குறைந்தது 4 வருடம், 100 ப்ரூஃப், அதாவது 50 சதவீதம் சாராயம். சின்ன டிஸ்டிலரியின் புட்டியில் இதைப் பார்த்தால் எனக்கு மரியாதை வரும். நான்கு வருடம் பொறுத்திருப்பது அவர்களுக்குச் சுலபமில்லை.

சார், நீங்கள் எப்படிச் சுவைக்கிறீர்கள்? வரிசையாகச் சொல்லுங்கள்.

அடி அகன்று வாய் குறுகிய கோப்பையில் 20 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுவிடுவேன். மூக்கை உள்ளே நுழைக்கக் கூடாது. விளிம்புக்கு மேலே நிறுத்தி, வாயைச் சற்றுத் திறந்து முகருங்கள்; சாராய நெடி மூக்கைக் குத்தாது. முதல் வாய் கணக்கில் இல்லை, நாக்கைப் பழக்க மட்டும். இரண்டாவது வாயை மெல்வது போல வாய் முழுக்கச் சுழற்றுங்கள். ஜிம் பீம் பர்பன் நிறுவனத்தில் வடிப்பவராக இருந்த புக்கர் நோ இப்படித்தான் மென்று சுவைப்பார். அதற்குக் ‘கென்டக்கி ச்யூ’ என்றே பெயர்.

பிறகு பின்சுவை. கடிகாரம் பார்ப்பேன். சுவை எவ்வளவு நேரம் நின்றது என்பதோடு, போகும்போது என்னவாக மாறியது என்பதும் முக்கியம். வெல்லப்பாகில் தொடங்கி வறுத்த வேர்க்கடலை, மரம் என்று படிப்படியாக இறங்கினால் நல்ல சரக்கு. பத்து நொடியில் காட்டம் மட்டும் மிஞ்சினால் உள்ளே ஒன்றும் இல்லை. ‘ஸ்மூத்’ என்று எல்லாரும் எழுதுகிறார்களே, அந்தச் சொல்லை நான் குறிப்பேட்டில் எழுதுவதில்லை. வெறுமையும் மென்மையாகத்தான் தெரியும்.

மூன்று கோப்பைக்கு மேல் பார்க்கும் நாளில் துப்பிவிடுவேன். விழுங்கிக்கொண்டே போனால் நான்காவதன் குறை தெரியாது.

ஒன்று 115 ப்ரூஃப், இன்னொன்று 90. எப்படி ஒப்பிடுவது?

அப்படியே ஒப்பிட்டால் அநியாயம். வலுவானது முதலில் அசத்தும், பிறகு நாக்கை மரத்துப்போகச் செய்யும். 115 ப்ரூஃப் என்றால் 57.5 சதவீதம். அதில் 30 மி.லி. எடுத்து 8 மி.லி. தண்ணீர் சேர்த்தால் கிட்டத்தட்ட 45 சதவீதத்துக்கு, அதாவது 90 ப்ரூஃபுக்கு, வந்துவிடும். குளோரின் வாடை இல்லாத தண்ணீராகப் பாருங்கள். தண்ணீர் பட்டதும் உடைந்து சப்பென்று ஆகிறதா, அல்லது புதிதாக மணம் திறக்கிறதா? ஒரு புட்டியைப் பற்றி இதைவிட அதிகம் சொல்லும் சோதனை எனக்குத் தெரியாது.

நான் வாங்கிய கிராஃப்ட் புட்டியில் பெயிண்ட் தின்னர் வாடை. என் மூக்கில்தான் கோளாறா?

உங்கள் மூக்கு சரிதான். அது பெரும்பாலும் எத்தில் அசிடேட் என்ற வேதிப்பொருள். வடிக்கும்போது முதலில் வரும் பகுதியைச் சரியாக வெட்டி ஒதுக்காவிட்டால் தங்கிவிடும். பச்சைச் சோளத்தட்டை வாசனையும் அவித்த தானிய வாசனையும் வந்தால் வயது போதவில்லை. கொட்டைப்பாக்கு மென்றது போலத் துவர்த்து ஈறு இறுகினால் மரம் அதிகம். சின்னப் பீப்பாயில் அவசரமாக வைத்ததில் இது அடிக்கடி வரும். நிறம் சீக்கிரம் ஏறிவிடும்; ஆனால் பச்சை வாசனையும் துவர்ப்பும் ஒரே கோப்பையில் அடுத்தடுத்து நிற்கும். கோதுமை பர்பனில் இந்த இரண்டும் சேர்ந்திருந்தால் நான் பாதி மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவேன்.

டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே 3, 4 வருடத்துப் பர்பனே கறுப்பாக இருக்கிறது. வயது முக்கியமில்லையா?

வெயிலும் வயதோடு சேரும். ஹை என்ற ஊரில் கேரிசன் பிரதர்ஸ் 74 சதவீதம் சோளம், 15 கோதுமை, 11 பார்லி வைத்து வடிக்கிறார்கள். அந்தச் சூட்டில் பீப்பாய்க்குள் சரக்கு விரிந்து மரத்துக்குள் ஏறும், குளிர்ந்தால் வெளியே வரும். ஆவியாகிப் போவதும் அதிகம். மரத்தின் சாரம் வேகமாக இறங்கிவிடுகிறது. ஆனால் காற்றோடு கலந்து மெதுவாக முதிரும் வேலைக்கு வருடங்கள்தான் தேவை. அதனால் டெக்சாஸ் சரக்கைக் கென்டக்கி அளவுகோலில் வைத்து ‘கடினம்’ என்று தள்ளாதீர்கள். அடர்த்திக்குள்ளே சோளம் தெரிகிறதா என்று தேடுங்கள்.

பாப்பி வான் விங்கிள் என்ற கோதுமை பர்பன் அவ்வளவு விலைக்குத் தகுமா?

கடைக்காரர் மறுவிற்பனை விலை கேட்டால் தகாது. 1935இல் லூயிவில் அருகே திறந்து 1992இல் வடிப்பதை நிறுத்திய ஸ்டிட்செல்-வெல்லர் டிஸ்டிலரியின் புகழ் அந்தப் பெயரில் ஒட்டியிருக்கிறது. இப்போது வடிப்பது பஃபலோ ட்ரேஸ் டிஸ்டிலரி. வெல்லர் என்ற கோதுமை பர்பனும் அங்கேதான்.

ஐஸ் போடலாமா?

குடிக்கப் போடலாம். எடைபோடும்போது வேண்டாம், குளிர் மணத்தை அடக்கிவிடும்.

நான் சொல்லும் வாசனையெல்லாம் கற்பனை என்கிறார் என் கணவர். எப்படி நிரூபிப்பது?

மூன்று கோப்பை வையுங்கள் அம்மா. இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. ஊற்றுவது அவர், நீங்கள் வேறு அறையில். வேறாக இருப்பதை மட்டும் கண்டுபிடியுங்கள். குருட்டு யோகத்தில் மூன்றுக்கு ஒருமுறை சரியாக வரும். அதனால் ஆறு தடவையாவது செய்யுங்கள், ஒரே நாளில் வேண்டாம்.

எனக்கு இது ஒரு பாடம். ஒரு சின்ன டிஸ்டிலரியின் புட்டி, பெயர் வேண்டாம். ஒரு வருடம் அதைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். மேக்கர்ஸ் மார்க்கோடு மறைத்து வைத்துப் பார்த்தபோது ஆறில் ஐந்து தடவை வேறுபாட்டைச் சரியாகப் பிடித்தேன். ஆனால் ஐந்து தடவையும் நன்றாக இருக்கிறது என்று நான் எழுதி வைத்தது மேக்கர்ஸ் மார்க்கைத்தான். இப்போது மதிப்பெண் போட்ட பிறகுதான் லேபிளைப் பார்க்கிறேன். உங்கள் கணவரையும் ஒரு தடவை முகரச் சொல்லுங்கள். அவர் எழுதியதையும் நீங்கள் எழுதியதையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு எனக்கு அனுப்புங்கள்.