பையன் ஐந்தோவனில், நிலம் மன்னார்குடியில்

டெல்டா மாவட்டங்களிலிருந்து நெதர்லாந்துக்கு வேலைக்குப் போனவர்களின் வீட்டார் அனுப்பிய கேள்விகள் இந்த முறை.

கேள்வி: என் மகன் ஐந்தோவனில் நான்கு வருஷமாக நிரந்தர வேலையில் இருக்கிறான். மேனேஜர் கூப்பிட்டு, பரஸ்பர சம்மதத்தில் விலகுவதாக ஒரு தாளை நீட்டி, நாளைக்குள் கையெழுத்து வேண்டும் என்றாராம். போடாவிட்டால் விசா போய்விடுமோ என்று பயப்படுகிறான். (ஒரு தகப்பனார், மன்னார்குடி)

பதில்: ஐயா, இன்றைக்கே போன் போட்டு எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவிடுங்கள். பெரிய குற்றம் எதுவும் செய்யாத ஒரு நிரந்தரத் தொழிலாளியை நாளையிலிருந்து வராதே என்று அங்கே அனுப்பிவிட முடியாது. முதலாளி யூ.டபிள்யூ.வி. என்ற அரசு அமைப்பிடம் அனுமதி வாங்க வேண்டும், அல்லது நீதிமன்றம் போக வேண்டும், இரண்டும் இல்லையென்றால் தொழிலாளியே சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தைத்தான் அவசரமாகக் கேட்கிறார்கள். பயத்தில் ஏற்கெனவே போட்டுவிட்டானா? அப்போதும் வழி இருக்கிறது. 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் எழுத்து மூலம் வாபஸ் வாங்கலாம், இந்த உரிமையை ஒப்பந்தத்தில் குறிப்பிடாமல் விட்டிருந்தால் 21 நாள் வரை அவகாசம் உண்டு.

அடுத்தது பணம். வேலையை விட்டு அனுப்பும்போது ஒரு வருஷத்துக்கு மூன்றில் ஒரு பங்கு மாதச் சம்பளம் என்பது சட்டக் கணக்கு, 2020 முதல் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இது ஓடுகிறது. மாதம் 4,500 யூரோ என்றால் 8 விழுக்காடு விடுமுறைப் படியைச் சேர்த்து 4,860, அதில் மூன்றில் ஒரு பங்கு 1,620, நான்கு வருஷத்துக்கு 6,480 யூரோ. சம்மதத்தின் பேரில் விலகும்போது இந்தத் தொகை தானாக வராது, பேசித்தான் வாங்க வேண்டும், அதனால் இதற்குக் கீழே பேச்சைத் தொடங்கவே வேண்டாம்.

ஆனால் என்னைக் கேட்டால், பணத்தைவிட வேலை முடிகிற தேதிதான் உங்கள் மகனுக்கு முக்கியம். உயர்திறன் பணியாளர் அனுமதியில் இருப்பவர் என்றால், வேலை முடிந்த பிறகு வேறு வேலை தேட அதிகபட்சம் மூன்று மாதம்தான் (அனுமதி அதற்கு முன்பே முடிந்தால் அதுவரைதான்), அதற்குள் கிடைக்கும் கம்பெனியும் குடிவரவுத் துறை அங்கீகரித்ததாக இருக்க வேண்டும். தேதியை இரண்டு மாதம் தள்ளி வாங்கினால் தேடுவதற்கு இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது. முதலாளியின் முயற்சியால்தான் விலகல், தொழிலாளி மேல் தப்பில்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் வேலையில்லாக் கால உதவித்தொகைக்குச் சிக்கல் வரும். அங்கேயே ஒரு தொழிலாளர் சட்ட வக்கீலிடம் தாளைக் காட்டச் சொல்லுங்கள், அந்தச் செலவில் ஒரு பகுதியைக் கம்பெனியே ஏற்பது அங்கே வழக்கம்தான்.

கேள்வி: மகளுக்குப் போன வருஷம் கும்பகோணத்தில் கல்யாணம், உடனே இருவரும் தி ஹேக் போய்விட்டார்கள். போட்ட நகையில் மாப்பிள்ளைக்குப் பாதி என்று அந்த ஊர்ச் சட்டம் சொல்லுமா? மூன்று மா நஞ்சையை அவள் பேரில் செட்டில்மெண்ட் எழுதலாமென்றும் இருக்கிறோம். (ஒரு தாயார், பாபநாசம்)

பதில்: கல்யாணமானதும் தம்பதி முதலில் சேர்ந்து குடியிருக்கும் நாட்டின் சொத்துச் சட்டம் பொருந்தும் என்பது 2019 ஜனவரி 29 முதல் அங்கே விதி. ஆகவே இவர்களுக்கு நெதர்லாந்துச் சட்டம். 2018க்கு முன் கல்யாணம் செய்தவர்களுக்கு எல்லாமே பொது என்று இருந்தது, அதற்குப் பின் மாறிவிட்டது. இப்போது கல்யாணத்துக்கு முன் அவரவர்க்குத் தனியாக இருந்தது, பரிசாக வந்தது, வாரிசாக வந்தது எல்லாம் அவரவர்க்கே, கல்யாணத்துக்குப் பின் சம்பாதித்துச் சேர்ப்பதுதான் பாதிப் பாதி. ஆனால் யாருடையது என்று இருவராலும் நிரூபிக்க முடியாத பொருள் பொதுவாகிவிடும். நகைக்கடை ரசீதுகளையும், எந்த நகை யார் போட்டது என்ற பட்டியலையும் பத்திரமாக வையுங்கள், முடிந்தால் மாப்பிள்ளையின் கையெழுத்தோடு.

நிலத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அம்மா, தயவுசெய்து இப்போது செட்டில்மெண்ட் எழுதாதீர்கள். உங்கள் மகள் வெளிநாடு வாழ் இந்தியர், நம் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவர் விளைநிலத்தை வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. வீடு, மனை என்றால் தடையில்லை. வயல் அவருக்கு வாரிசு முறையில்தான் போய்ச் சேர முடியும், அதற்கு உயில் எழுதி வைத்தால் போதும்.

கேள்வி: அண்ணனுக்கு உட்ரெக்ட்டில் சொந்த ஃபிளாட். அப்பாவைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருஷம் ஊருக்கு வருகிறார். வாடகைக்கு விட்டுவிட்டு வரலாமா? (திருவாரூர் வாசகர்)

பதில்: விடலாம். ஆனால் இரண்டு வருஷ ஒப்பந்தம் என்று சும்மா எழுதிக் கொடுக்கும் காலம் 2024 ஜூலை 1-ஓடு முடிந்தது, இப்போது காலவரையற்ற வாடகைதான் பொது விதி. தற்காலிகமாக வெளியூர் போய்த் திரும்பிவந்து அதே வீட்டில் குடியிருப்பேன் என்பவருக்கு விலக்கு உண்டு, அது ஒப்பந்தத்தில் முதலிலேயே தெளிவாக இருக்க வேண்டும். வாடகையும் நம் இஷ்டமில்லை. பரப்பளவு, சமையலறை, மின்சிக்கனத் தரம் என்று வீட்டுக்குப் புள்ளி போடுவார்கள், 186 புள்ளி வரை உள்ள வீட்டுக்கு உச்சவரம்பு உண்டு, 2025-இல் 186 புள்ளிக்கு அது மாதம் 1,184.82 யூரோ. மீறினால் நகராட்சி அபராதம் போடலாம். அட்வான்ஸ் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் கூடாது. வீட்டுக்கடன் இருந்தால் பேங்க் சம்மதமும் வேண்டும். உரிமையாளருக்கு இது கெடுபிடியாகத் தெரியலாம், எனக்கு நியாயமாகவே படுகிறது. புதிதாக அங்கே போய் இறங்கும் நம் பிள்ளைகள் ஏமாறாமல் இருப்பது இதனால்தான்.

கேள்வி: மருமகளுக்கு ஆம்ஸ்டர்டாமில் பிரசவம். நான் ஆறு மாதம் கூட இருக்கலாமா? (நன்னிலம் வாசகி)

பதில்: விசிட்டர் விசாவில் 180 நாளில் 90 நாள்தான். மகனுக்கு ஒரு வாரம் முழுச் சம்பளத்தோடும், ஐந்து வாரம் 70 விழுக்காட்டிலும் விடுப்பு உண்டு, போக குழந்தையின் முதல் வருஷத்தில் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 9 வாரம் 70 விழுக்காட்டில் (உச்சவரம்புக்குள்). நீங்கள் திரும்பும் தேதியிலிருந்து அதை அவன் எடுக்கட்டும்.

கேள்வி: இங்கே என் பேரில் உள்ள பூர்வீக நிலத்தை அங்கே வரிக்கணக்கில் காட்ட வேண்டுமா? 2022 முதல் 30 விழுக்காட்டுச் சலுகையில் (வெளிநாட்டிலிருந்து வந்த பணியாளருக்குச் சம்பளத்தில் 30 விழுக்காடு வரை வரியில்லை என்பது) இருக்கிறேன், வெளிநாட்டுச் சொத்தைக் காட்ட வேண்டாம் என்றே இத்தனை நாள் சொன்னார்கள். (ரோட்டர்டாமிலிருந்து, சொந்த ஊர் மயிலாடுதுறை)

பதில்: அந்த விலக்கு 2025 ஜனவரி 1-ஓடு எடுக்கப்பட்டுவிட்டது. 2023 முடிவில் சலுகையில் இருந்தவர் என்பதால் உங்களுக்கு 2026 முடியும்வரை அவகாசம். அப்புறம் வயலும், இங்குள்ள பேங்க் டெபாசிட்டும் கணக்கில் வரும். நிலத்துக்கு இரட்டை வரி நிவாரணம் கேட்கலாம். பட்டா, சிட்டா நகலோடு ஒரு மதிப்பீட்டுச் சான்றும் வாங்கி வையுங்கள், 2027 ஜனவரி 1 அன்று என்ன மதிப்போ அதைத்தான் கேட்பார்கள்.