நாளிதழ்ப் பணியிலிருந்து நாடாளுமன்ற அரசியலுக்கு
வணக்கம் ஐயா. சேலத்தில் நாளிதழ்த் துணையாசிரியராக இருக்கும் தாங்கள், வேலையில் இருந்தபடியே கட்சியில் சேர்ந்து மக்களவைத் தேர்தலுக்குத் தயாராகலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் பணியிலிருந்து விலகிவிடுங்கள். கட்சிக்காரர் திருத்திய செய்தியை வாசகர் நம்பமாட்டார்.

1942இல் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கிய அண்ணா, 1944இல் நம் சேலம் மாநாட்டில் நீதிக்கட்சியைத் திராவிடர் கழகமாக்கிய தீர்மானத்தைக் கொண்டுவந்து, 1962இல் மாநிலங்களவைக்குச் சென்றார் என்பது உண்மைதான். ஆனால் அது தன் சார்பை வெளிப்படையாகச் சொன்ன கொள்கை ஏடு, தங்களுடையது எல்லாக் கட்சியினரும் வாங்கிப் படிக்கும் பொது நாளிதழ்.

மக்களவைக்குப் போட்டியிட 25 வயது நிறைந்திருக்க வேண்டும், வாக்காளராகப் பதிவாகியிருக்க வேண்டும். பொதுப் பிரிவினருக்கு வைப்புத்தொகை 25,000 ரூபாய். தங்கள் சொந்த ஊர் ஏற்காடு என்கிறீர்கள்; அந்தச் சட்டமன்றத் தொகுதி கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதியில் அடங்குவதால், சேலத்தில் நின்றால் ஊர்க்காரர்களின் வாக்கு தங்களுக்குக் கிடைக்காது.