தண்ணீர் கூடக் குடிக்க மாட்டீர்களா?

வ அலைக்கும் ஸலாம் தம்பி. அலுவலகத்தில் ரமலானுக்கு ரமலான் இதே கேள்வி வருகிறது, பதில் சொன்னால் மதப் பிரசாரம் என்று நினைப்பார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்வது பிரசாரம் ஆகாது. கேட்காததைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தால்தான் வம்பு.

பதிலும் சுருக்கமாக இருக்கட்டும். “ஆமாம், தண்ணீரும் கிடையாது. விடியலுக்கு முன் சாப்பிட்டால், பிறகு சூரியன் மறைந்ததும்தான். உடம்புக்கு முடியாதவர்களுக்கும் பயணத்தில் இருப்பவர்களுக்கும் சலுகை உண்டு, விட்ட நோன்பைப் பிறகு வைக்கலாம்.” இவ்வளவு போதும். நம்மவர்கள் சிலர் இங்கிருந்து நேரே நரகம் சொர்க்கம் வரை போய்விடுகிறார்கள், பாவம் கேட்டவர்!

எதிர்வீட்டு அக்காவுக்கு நோன்புக் கஞ்சி கொடுக்கத் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பள்ளிவாசல் கஞ்சியில் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். சைவமா, எந்தக் கிழமையில் விரதம் என்று முதலில் கேளுங்கள். வீட்டிலேயே அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்கினால் அவரும் கவலையில்லாமல் குடிப்பார். பூண்டு சேர்ப்பாரா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இன்னும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களைச் சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலுள்ள நாகூர் தர்கா மரபுடைமை நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். பக்கத்திலேயே தியான் ஹாக் கெங் சீனக் கோயில், இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். வெள்ளிக்கிழமை மதியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஜும்ஆ கூட்டுத் தொழுகைக்கு நீங்கள் ஓட வேண்டியிருக்கும்.