சட்டமும் உளவியலும்: கேள்வி பதில்

நான் முதலில் சட்டம் படித்தேன், பிறகு உளவியலில் முதுமாணி. இப்போது இரண்டுக்கும் நடுவில் நின்று, சாட்சிகளின் ஞாபகமும் சொல்லும் வழக்குகளில் என்ன ஆகின்றன என்று பார்க்கும் சட்ட உளவியலைப் படிப்பிக்கிறேன். உயர்தர மாணவர்களும், அவர்களைவிடக் கூடுதலாகக் கவலைப்படும் பெற்றோரும் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

மகள் சட்டபீடத்துக்கு எடுபட்டிருக்கிறாள். "கோட்டுக்குப் போகமாட்டன், சட்ட உளவியல் ஆராய்ச்சிதான் செய்வன்" என்கிறாள். இது சோறு போடுமா? (ஒரு தந்தை, கோண்டாவில்)

ஐயா, "அப்புக்காத்து ஆகிறதை விட்டுட்டு இதென்ன கூத்து?" என்று என் அம்மம்மாவும் கேட்டவ. உண்மையைச் சொல்கிறேன், விரிவுரையாளர் இடங்கள் குறைவு, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். அதனால் சட்டமாணி முடித்த கையோடு சட்டக்கல்லூரிப் பரீட்சைகளையும் எழுதி, சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்துவிடச் சொல்லுங்கோ. கறுப்புக் கோட்டு அலுமாரியில் தொங்கட்டும், சாப்பாடு கேட்காது.

இரண்டில் எதை முதலில் படிக்கிறது, அண்ணா? (உயர்தர மாணவி, வட்டுக்கோட்டை)

சட்டம், தங்கச்சி. அமெரிக்காவில் நெப்ராஸ்கா லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1974 முதல் சட்டப் பட்டத்தையும் உளவியல் கலாநிதிப் பட்டத்தையும் சேர்த்தே படிக்கலாம். இங்கிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். இடையில் புள்ளிவிபரவியலை விட்டுவிடாதே. கலைப்பிரிவில் இருந்து வருகிற எங்களை அதுதான் கவிழ்க்கும்.

ஆராய்ச்சி என்றால் என்ன செய்வீங்கள்? (பல்கலைக்கழக முதலாம் வருட மாணவன்)

ஒரு உதாரணம் போதும். 1974இல் எலிசபெத் லொஃப்டஸ், ஜோன் பாமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 150 மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டினார்கள். ஐம்பது பேரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகம் என்று கேட்டார்கள். இன்னோர் ஐம்பது பேரிடம் "மோதி நொறுங்கியபோது" என்ன வேகம் என்றார்கள். மிச்சப் பேரிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு கிழமை கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று எல்லாரிடமும் கேட்டார்கள். "மோதிய" கூட்டத்தில் 7 பேர் ஓம் என்றார்கள். "நொறுங்கிய" கூட்டத்தில் 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை.

இதை எங்கள் ஊருக்குக் கொண்டு வந்து பார். "தட்டுப்பட்டது", "முட்டினது", "இடிச்சது", "அடிச்சுத் தூக்கினது" என்று நாலு சொல் வைத்திருக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். ஒருமுறை நீதிமன்றத்தில் ஒரு வயதான அம்மா, "சைக்கிளில தட்டிக்கொண்டு போனவன்" என்றா. அவவின் பொலிஸ் வாக்குமூலத்தில் இருந்ததோ "பலமாக மோதிவிட்டு". எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதைப் பிடித்துக்கொண்டு, அவவைப் பொய்காரியாக்க அரைமணித்தியாலம் பாடுபட்டார். மனுசி பொய் சொல்லவில்லை, எழுதினவர் சொல்லை மாற்றிவிட்டார். என் ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது.

பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்பதைச் சட்டம் ஏற்கனவே தடுக்கிறதே? (இளம் சட்டத்தரணி, யாழ்ப்பாணம்)

தடுக்கிறது, ஆனால் சாட்சியை அழைத்த தரப்பே கேட்கும் முதல் விசாரணையிலும் மீள்விசாரணையிலும்தான். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 143ஆம் பிரிவு, எதிர்த்தரப்புக் கேட்கும் குறுக்கு விசாரணையில் அதற்கு இடம் கொடுக்கிறது. பொய்யனைப் பிடிக்க அது நல்ல ஆயுதம். நேர்மையான சாட்சியின் ஞாபகத்தையும் அதே ஆயுதம் கலைத்துவிடும் என்பதுதான் சிக்கல்.

சந்தேகநபரை வேறு ஆட்களோடு வரிசையில் நிறுத்தி, சாட்சியை ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பும் இதே கதைதான். 1984இல் அமெரிக்காவில் பாலியல் வல்லுறவுக்கு உள்ளான ஒரு பெண், படங்களிலும் பிறகு அணிவகுப்பிலும் ரொனால்ட் கொட்டன் என்பவரைக் காட்டினார். முழு நம்பிக்கையோடுதான் காட்டினார். பத்து வருடத்துக்கு மேல் சிறையில் இருந்த கொட்டன், 1995இல் டிஎன்ஏ பரிசோதனைக்குப் பிறகுதான் வெளியே வந்தார். உண்மைக் குற்றவாளி வேறு ஆள். அணிவகுப்பை நடத்துகிறவருக்குச் சந்தேகநபர் யார் என்று தெரியக்கூடாது, "ஆள் இதற்குள் இல்லாமலும் இருக்கலாம்" என்று சாட்சியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று உளவியலாளர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

என் தம்பிக்கு மனநிலை சரியில்லை, ஒரு வழக்கும் இருக்கு. நீங்கள் பார்ப்பீங்களா? (பெயர் சொல்ல விரும்பாதவர்)

இல்லை அக்கா, அது உளமருத்துவரின் வேலை. மனநிலை பாதிப்பால் தான் செய்வது என்னவென்று அறிய முடியாதவர் செய்தது குற்றமாகாது என்கிற தண்டனைச் சட்டக் கோவையின் 77ஆம் பிரிவு பற்றி உங்கள் சட்டத்தரணியிடம் உடனே கதையுங்கோ, வழக்குத் தவணை வரும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

ஆங்கிலம் மட்டுமட்டு. எனக்குச் சரிவருமா? (உயர்தர மாணவன், சாவகச்சேரி)

வாசிக்க ஆங்கிலம் வேணும், அதில் தப்ப வழியில்லை. ஆனால் தமிழ்ச் சாட்சி ஒருவரின் வாய்ச்சொல் வாக்குமூலமாகி, மொழிபெயர்ப்பாகி, மேன்முறையீட்டுக்குக் கொழும்பு போய்ச் சேரும்போது என்ன ஆகிறது என்று பார்க்க, அந்தச் சொல்லின் நெளிவு தெரிந்த ஆள்தான் வேணும். அது நீ. லீவு நாட்களில் ஒரு கொப்பியோடு போய் திறந்த நீதிமன்றத்தின் பின்வாங்கில் இரு. போனை நிற்பாட்டிவிடு. சாட்சி சொன்ன வினைச்சொல்லை ஒரு பக்கத்திலும், சட்டத்தரணி திருப்பிக் கேட்ட வினைச்சொல்லை எதிர்ப்பக்கத்திலும் எழுது. ஒரு கொப்பி நிரம்பினதும் கொண்டு வந்து காட்டு.